பூங்கா நடைபாதைக்கு எந்தத் தளம்: கல்தூளா, காங்கிரீட்டா, பேவரா, தாரா, ரப்பரா?

பூங்காவைச் சீரமைக்கப் பணம் ஒதுக்கியதும், முதல் கூட்டத்திலேயே "பாதைக்கு என்ன போடலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். பேவர் (வரிசையாகப் பதிக்கும் காங்கிரீட் கல்) கேட்பவர்கள் ஒரு பக்கம், காங்கிரீட் கேட்பவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவார்கள். தரையின் சரிவு, மழைநீர் ஓடும் திசை, மரவேர் படர்ந்த பரப்பு, பாதையில் ஏறப்போகும் வண்டி ஆகிய நான்கும் தெரியாமல் எடுக்கும் முடிவு இரண்டு மழைக்காலத்துக்குள் பல்லிளித்துவிடும்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூங்கா முழுவதற்கும் ஒரே தளம் என்பது தவறான முடிவு. சமதரையில் போகும் சுற்றுப்பாதைக்கு இறுக்கிய கல்தூள் போதும். சரிவுக்கும், ஈரம் காயாத இடத்துக்கும், வாசலுக்கும் காங்கிரீட் வேண்டும். அடியில் குழாயும் கேபிளும் ஓடும் இடத்துக்குப் பேவர் பொருந்தும். தாரும் ரப்பரும் மிகச் சில இடங்களில்தான் தேவைப்படும்.

தளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்

பலத்த மழை ஓய்ந்த அரை மணி நேரத்துக்குள் பூங்காவை ஒரு சுற்று நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து பாதையில் இறங்குகிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை அதே இடங்களை மறுபடியும் பாருங்கள். அப்போதும் ஈரம் காயாத இடத்தில் கல்தூள் நிற்காது என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

சரிவை அளக்க டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், போதும். 20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால் அது 5 சதவீதம். கல்தூள் தளம் இந்தச் சரிவைத் தாண்டினால் மழையில் அரித்துக்கொண்டு போகும். சக்கர நாற்காலிக்கும் இதுவே முக்கியமான எல்லை. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏடிஏ-வின் 2010 ஆம் ஆண்டு அளவுகோலின்படி, 20-க்கு 1 என்பதைத் தாண்டினால் அது நடைபாதை அல்ல, சாய்தளம். நடுவே ஓய்வுத் தளம், கைப்பிடி என்று அதற்குத் தனி நிபந்தனைகள் வந்துவிடும். புதிய சாய்தளமும் 12-க்கு 1 என்பதைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டுச் சாய்வு 48-க்கு 1, அதாவது ஏறத்தாழ 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைநீர் வடியவும் அந்த 2 சதவீத வாட்டம் போதுமானது.

அகலத்தைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். 1.2 மீட்டர் அகலத்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் புல்லில் இறங்கித்தான் ஆக வேண்டும். தினமும் அப்படி இறங்கினால் ஓரம் தேய்ந்து பள்ளமாகும். 1.8 மீட்டரில் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கலாம். சைக்கிளும் அனுமதி என்றால் 3 மீட்டர் வேண்டும். அதைவிட நல்லது சைக்கிளுக்குத் தனிப்பாதை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை 1858-இல் வடிவமைத்த ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் நடப்பவர், குதிரை, வண்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி வழி வைத்து, அவை குறுக்கிடும் இடங்களில் பாலம் கட்டினார்கள். வேகம் வேறுபடும் இருவரை ஒரே தடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

எந்தத் தளமாக இருந்தாலும் அதைக் கெடுக்கும் ஒரு பழக்கம் உண்டு: பாதையின் இருபுறமும் தரைக்கு மேலே 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரக்கல். பார்க்க வரிசையாக இருக்கும், ஆனால் மழை வந்தால் பாதையே வாய்க்காலாகிவிடும். பாதை சுற்றுத்தரையைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் ஓரக்கல்லின் தலை தளத்தின் மட்டத்துக்கே இருக்க வேண்டும், அதற்கு மேலே ஒரு விரற்கடைகூட வரக் கூடாது. தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில் அடியில் குழாய் புதைக்கும்போது 300 மி.மீ. விட்டத்துக்குக் குறைக்காதீர்கள். 150 மி.மீ. குழாய் முதல் பருவத்து இலைச்சருகிலேயே அடைத்துக்கொள்ளும்.

இறுக்கிய கல்தூள்

மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் தளம் இதுதான். சரியாகப் போட்டால் காலுக்கு இதமாகவும், சக்கர நாற்காலி உருளும் அளவுக்கு உறுதியாகவும் இருக்கும். தவறாகப் போட்டால் ஒரு மாதத்தில் மணல்வெளியாகிவிடும். "மண் பாதை போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை" என்று பல ஊர்களில் இதைக் கைவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருள் தேர்வில் நடந்த பிழைதான்.

வேண்டியது, உடைத்த கல்லிலிருந்து வரும் 6 மி.மீ. முதல் மாவுப்பொடி வரை எல்லா அளவும் கலந்த கிரஷர் தூள். கூர்முனைத் துகள்கள் ஒன்றோடொன்று கவ்வும். மாவு இடைவெளியை நிரப்பும். ஈரம் சேர்ந்து இறுகும்போது கட்டிப்போகும். ஆற்றுக் கூழாங்கல்லில் கூர்முனை இல்லை, காலடியில் உருளும், எத்தனை ரோலர் ஓட்டினாலும் கவ்வாது. காங்கிரீட்டுக்கென்று கழுவிய செயற்கை மணலும் ஆகாது. கழுவும்போதே மாவு போய்விடுகிறது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் மாவு எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் இருக்கட்டும்.

ஆய்வகம் இல்லாவிட்டால் பாட்டில் சோதனை செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தூளும் மீதிக்குத் தண்ணீரும் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். பெரிய துகள்கள் ஒரு நிமிடத்தில் படியும். மாவு அதன்மேல் தனி அடுக்காகச் சில மணி நேரத்தில் படியும். அந்த மேலடுக்கு மொத்தப் படிவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு என்றால் தளம் கட்டாது. நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் மழையில் சேறாகும்.

போடும் முறை இது. மேல்மண்ணை வேரோடு எடுத்து, சுமார் 20 சென்டிமீட்டர் பள்ளம் வெட்டி, அடித்தரையை 2 சதவீத வாட்டத்துடன் இறுக்க வேண்டும். களிமண் தரை என்றால் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணியைக் கட்டாயம் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜல்லி மெல்ல மெல்லக் களிமண்ணில் புதைந்துவிடும். அதன்மேல் 40 மி.மீ. முதல் தூள் வரை கலந்த ஜல்லி, இறுகிய பிறகு 150 மி.மீ. நிற்கும்படி இரண்டு அடுக்காக. மேலே கல்தூள், இறுகிய பிறகு 75 மி.மீ. ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் உள்ளே தளர்வாகவே இருக்கும், சக்கரம் பதியும். தளர்வாக 10 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு அடுக்கு போகக் கூடாது.

ஈரம்தான் இந்த வேலையின் உயிர்நாடி. தூளை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். காய்ந்த தூளை உருட்டினால் அது நகர்கிறதே தவிர இறுகாது. ஈரம் மிஞ்சினால் ரோலரில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். ஒன்று முதல் ஒன்றரை டன் வரையுள்ள சிறிய ரோலர் போதும், ஓரங்களுக்கு அதிர்ந்து தட்டி இறுக்கும் பிளேட் காம்பாக்டர். முடித்ததும் இரண்டு மூன்று நாள் ஆள் ஏறாமல் காய விட வேண்டும்.

அளவைப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்றால் கல்தூள் இறுகிய நிலையில் 13.5 கன மீட்டர். இறுகும்போது குறைவதைச் சேர்த்து 17 கன மீட்டர் வாங்க வேண்டும். அடி ஜல்லியை இருபுறமும் 15 சென்டிமீட்டர் கூடுதலாகப் பரப்பினால் இறுகிய நிலையில் 31.5 கன மீட்டர், வாங்குவது சுமார் 39. ஓரத்தில் அந்த 15 சென்டிமீட்டரை மிச்சப்படுத்தினால்தான் ஓரம் முதலில் சரிகிறது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் போகும் கிரேட் அலகெனி பாசேஜ் பெரும்பாலும் நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தளம்தான். சைக்கிளையும் நடப்பவர்களையும் அது தாங்குவதற்கு முக்கியக் காரணம் அது பழைய ரயில் தடம்: சரிவு மிகக் குறைவு, வடிகால் ஏற்கெனவே உண்டு, அடித்தரை உறுதியானது. பாரிஸின் துய்லெரி தோட்டத்து அகன்ற பாதைகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. வறண்ட காற்றில் புழுதி கிளம்புவதும் அங்கே தெரிந்த குறைதான். குழந்தைகள் விளையாடும் இடத்தையும் உணவருந்தும் இடத்தையும் ஒட்டி இந்தத் தளம் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பராமரிப்புக்கு ஆள் வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அரித்த கீறல்களை நிரப்பி, நனைத்து, உருட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் புதுத் தூள் சேர்க்க வேண்டும். சேர்க்கும் முன் பழைய மேற்பரப்பைக் கொத்திக் கிளறாவிட்டால் புது அடுக்கு ஒட்டாமல் செதிலாகப் பெயரும். இந்த வேலைக்கு ஆண்டுதோறும் இரண்டு ஆள், ஒரு ரோலர், ஒரு வாரம் ஒதுக்க நிர்வாகத்தால் முடியாது என்றால், வெளிப்படையாகச் சொல்கிறோம், இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

காங்கிரீட்

நன்றாகப் போட்டால் முப்பது ஆண்டுக்கு மேல் நிற்கும். ஆனால் ஒருமுறை பிழை நடந்துவிட்டால் அந்த முப்பது ஆண்டும் பிழையோடுதான் நடக்க வேண்டும். நடப்பவர் மட்டும் என்றால் 100 மி.மீ. கனம் போதும். தண்ணீர் லாரியோ மரம் வெட்டும் வண்டியோ ஏறும் இடத்தில் 150 மி.மீ. வேண்டும். பூங்காவுக்குள் வண்டி வராது என்று திட்டத்தில் எழுதியிருப்பார்கள், புயலுக்கு மறுநாள் விழுந்த மரத்தை எடுக்க வண்டி வரும்.

காங்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். அந்த வெடிப்பு எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் இணைப்பு வெட்டு. 1.8 மீட்டர் அகலப் பாதையில் 1.8 மீட்டருக்கு ஒரு வெட்டு, அதாவது ஒவ்வொரு கட்டமும் சதுரமாக வருவது நல்லது. ஆழம் கனத்தில் நான்கில் ஒரு பங்கு: 100 மி.மீ. தளத்துக்கு 25 மி.மீ. ரம்பத்தால் வெட்டுவதென்றால் கெட்டித்த அன்றே வெட்ட வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் அது தானாக வெடித்திருக்கும். கரண்டியால் 5 மி.மீ. கோடு இழுத்துவிட்டு வெட்டு என்று கணக்குக் காட்டுவதை ஏற்காதீர்கள். அது அலங்காரம், வேறொன்றுமில்லை.

மேற்பரப்பை மழமழப்பாகத் தேய்த்து உலர்ந்த சிமெண்டைத் தூவி முடிப்பது இன்னொரு தீராத பழக்கம். ஈரத்தில் வழுக்கும், கொஞ்ச காலத்தில் தோலாக உரியும். நடக்கும் திசைக்குக் குறுக்காகத் துடைப்பத்தால் கீறல் விடுங்கள், அவ்வளவுதான். கலவையை எளிதாகப் பரப்புவதற்காகக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதும் அதே விளைவைத் தரும்: மேலே மாவு மிதந்து, காய்ந்ததும் தூசியாகக் கிளம்பும். ஏழு நாள் ஈரச் சாக்கு மூடி வைப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பூங்காவைத் திறக்கும் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

பழைய காங்கிரீட் பாதை ஏற்கெனவே இருக்கிறது என்றால் உடைக்க அவசரப்படாதீர்கள். காங்கிரீட் பலகைகளுக்கிடையே 6 மி.மீ. வரை மட்ட வேறுபாடு பொறுக்கத்தக்கது. அதற்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் வரை உயர்ந்த விளிம்பை அரைத்துச் சரிவாக்கிவிடலாம். பூங்காவில் தடுக்கி விழும் முதியவர்களைக் காப்பாற்ற, புதுப்பாதைக்குக் காத்திராமல் உடனே செய்யக்கூடிய வேலை இது.

பேவர் பிளாக்

இதன் உண்மையான வலிமை அழகல்ல, கழற்றி மாட்டலாம் என்பது. குழாய் உடைந்தால் பத்து வரிசையை எடுத்து, வேலை முடித்து, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். அப்படி எடுக்க வேண்டிய தேவையே இல்லாத பாதைக்குப் பேவர் போடுவதில் பெரிய லாபம் இல்லை.

நடைபாதைக்கு 60 மி.மீ., வண்டி ஏறினால் 80 மி.மீ. 200-க்கு 100 மி.மீ. அளவுக் கல் சதுர மீட்டருக்கு 50 வீதம், மேலே சொன்ன 100 மீட்டர் பாதைக்கு 9,000 கல். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் மணல் 25 முதல் 30 மி.மீ. மட்டுமே. அடித்தளம் ஏற்ற இறக்கமாக இருக்கும்போது அதை மணலால் நிரவிவிடுவார்கள். ஓரிடத்தில் 20 மி.மீ., பக்கத்தில் 70 மி.மீ. என்று மணல் நின்றால் தடிமனான இடம்தான் முதலில் குழியும். மட்டம் ஜல்லியிலேயே வந்துவிட வேண்டும். மணலுக்குப் பதில் மாவு நிறைந்த கல்தூளைப் படுக்கையாகப் போடுவதும் தவறு. அது நீரைப் பிடித்துவைத்து, மிதிக்க மிதிக்கச் சேறாக இடுக்கு வழியே மேலே தள்ளும். பாதைத் தளத்துக்குத் தேவையான அதே மாவு இங்கே எதிரி.

ஓரத்தைப் பிடிக்கும் கல் காங்கிரீட்டில் நிற்க வேண்டும். ஓரம் நகர்ந்தால் இடுக்கு விரியும், இடுக்கு விரிந்தால் மணல் போகும், மணல் போனால் கல் ஆடும். இடுக்கில் உலர்ந்த நுண்மணலை நிரப்பி, காம்பாக்டர் ஓட்டி, மீண்டும் நிரப்ப வேண்டும். ஒரே முறை பெருக்கிவிட்டுப் போவது போதாது. முதல் சில மழைக்குப் பிறகு இன்னொரு முறை. கல் வாங்கும்போது விளிம்பில் சரிவு வெட்டு இல்லாததையோ மிகச் சிறியதையோ கேளுங்கள். அகன்ற சரிவு வெட்டுள்ள கல்லின்மேல் சக்கர நாற்காலி ஒவ்வொரு இடுக்கிலும் அதிரும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அது வலி.

தார், ரப்பர்

தார், நீளமான சைக்கிள் பாதைக்கு ஏற்றது. 150 மி.மீ. ஜல்லியின்மேல் 50 மி.மீ. கலவை போதும். ஆனால் குறுகிய பாதையில் தார்க் கலவையைப் பரப்பும் இயந்திரம் நுழையாது. கையால் பரப்பும்போது கலவை ஆறிவிடும். சுமார் 90 டிகிரிக்குக் கீழே போன பிறகு உருட்டினால் இறுகாது. சூடான கலவையைக் கொண்டுவரும் டிப்பர் லாரி புல்வெளியையும் வேரையும் நசுக்கும் சேதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெயிலில் சுடும். ஓரம் உதிரும். 2 மீட்டருக்குக் குறைந்த அகலம் என்றால் வேண்டாம்.

வண்ண ரப்பர் தளம் திறப்பு விழாவில் எல்லாரையும் கவரும். குழந்தைகள் விளையாட்டுக் கருவிக்கு அடியில், விழுந்தால் அடிபடாமல் இருக்க, அதற்கு நல்ல இடம் உண்டு. கிலோமீட்டர் கணக்கில் நடைபாதைக்குப் போடுவதை நாங்கள் எதிர்க்கிறோம். அடியில் எப்படியும் காங்கிரீட்டோ தாரோ வேண்டும், ஆகவே இரண்டு தளத்தின் செலவு. புற ஊதாக் கதிரில் பசை தளர்ந்து குருணை உதிரும், உதிர்ந்தது மண்ணிலும் வடிகாலிலும் சேரும். அடித்தளத்தின் ஈரம் காயும் முன் ஒட்டினால் கொப்புளம் எழும். ஒட்டுப்போட்டால் நிறம் சேராது. காலுக்கு இதம் வேண்டும் என்பவர்களுக்குக் கல்தூள் பாதை அதைத் தருகிறது.

மரத்தடியில்

நடைபாதை வேலையில் சாகும் மரங்கள் உடனே சாவதில்லை. மூன்று நான்கு ஆண்டு கழித்து நுனி காய்ந்து சாகும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நீரையும் உணவையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல் 30 சென்டிமீட்டரில் இருக்கிறது. பாதைக்கு வெட்டும் பள்ளம் சரியாக அதைத்தான் அறுக்கிறது. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்குங்கள். 40 சென்டிமீட்டர் மரத்துக்கு 4.8 மீட்டர். அந்த ஆரத்துக்குள் தோண்டாமல் இருப்பதே விதி.

தோண்டாமல் போட வழி உண்டு. புல்லையும் சருகையும் கையால் நீக்கி, ஜியோடெக்ஸ்டைல் விரித்து, 75 முதல் 100 மி.மீ. உயரத் தேன்கூட்டு வடிவ ஜியோசெல்லை அதன்மேல் பிடித்து, மாவு இல்லாத 20 மி.மீ. ஜல்லியால் நிரப்ப வேண்டும். காற்றும் நீரும் உள்ளே போகும். பாதை தரைக்கு மேலே உயர்வதால் இருபுறமும் மெல்லச் சரித்துச் சேர்க்க வேண்டும், ஆனால் அடிமரத்தின்மேல் மண் ஏறக் கூடாது. காங்கிரீட்டை வேர் தூக்குவதற்கும் காரணம் உண்டு: பலகையின் அடிப்புறம் ஈரம் தங்கி, கொஞ்சம் காற்றும் கிடைக்கும் இடுக்கு, சுற்றிலும் மண் இறுகிப்போனபோது வேர் அங்கேதான் ஓடும், அங்கேயே பருக்கும். புதிதாக மரம் நட்டுப் பாதையும் போடுவதென்றால், கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான கட்டமைப்பு மண் என்னும் ஜல்லியும் களிமண் சார்ந்த மண்ணும் கலந்த கலவையைப் பாதைக்கு அடியில் போடலாம்: ஜல்லி எடையைத் தாங்கும், இடைவெளியில் வேர் வளரும்.

பகுதி பகுதியாகப் பிரித்து முடிவெடுப்பது

வரைபடத்தைப் பாதையின் நீளவாக்கில் துண்டுகளாகப் பிரியுங்கள். 5 சதவீதத்தைத் தாண்டும் சரிவு, குழாயடி, கழிப்பறை முன்பகுதி, தண்ணீர் மறுநாளும் நிற்கும் இடம், வாசலிலிருந்து முதல் 20 மீட்டர் ஆகியவை காங்கிரீட். மரத்தின் பாதுகாப்பு ஆரத்துக்குள் வருவது ஜியோசெல். மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் பாதையோடு நீளமாக ஓடும் பகுதி பேவர். மீதி எல்லாம் கல்தூள். இரண்டு தளம் சேரும் இடத்தில் தளத்தின் மட்டத்துக்கே ஒரு குறுக்குக் காங்கிரீட் பட்டை, 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு, கட்டாயம். அது இல்லாவிட்டால் கல்தூள் அந்த விளிம்பில்தான் முதலில் குழிந்து தடுக்கும்.

எந்தத் தளமானாலும் போடுவதற்கு முன் 30 மீட்டருக்கு ஒரு 100 மி.மீ. பிவிசி குழாயைக் குறுக்கே வெறுமனே புதைத்து, இரு முனையையும் மூடி, இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பின்னால் விளக்குக்கும் சொட்டுநீருக்கும் பாதையை வெட்ட வேண்டியிருக்காது.

வேலையை ஏற்கும்போது தளத்தை ஒரு இடத்தில் தோண்டிக் கனத்தை அளக்க உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 100 மீட்டருக்கு ஒரு குழி போதும். கல்தூளும் ஜல்லியும் எத்தனை லோடு என்று கணக்கிடாமல், இறுகிய கனத்துக்குத்தான் பணம் என்று எழுத வேண்டும். 3 மீட்டர் நேர்கம்பியைத் தளத்தில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளி காங்கிரீட்டில் 5 மி.மீ., கல்தூளில் 10 மி.மீ. தாண்டினால் திருத்த வேண்டும் என்ற வரியும் வேண்டும். கடைசித் தவணையை ஒரு முழு மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவையுங்கள். மழை விட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் நிற்கும் குழிகளைச் சாக்பீசால் வட்டமிட்டுப் படமெடுத்து, அவற்றைச் சரிசெய்த பிறகு மட்டும் அந்தத் தவணையை விடுவிக்கலாம்.